மகன் போதையில் சிக்கியிருந்தால் முதலில் ஓபி சீட்டு போடுங்கள்

தேனி மாவட்டம் கம்பத்திலிருந்து மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்புகள் விடியும் முன்பே கிளம்பிவிடும். ஒரு நாள் அந்த ஜீப்பையும் அன்றைய கூலியையும் விட்டுவிட்டு ஒரு அக்கா என்னிடம் மனு எழுத வந்தார். கையில் மஞ்சப்பை. உள்ளே மகனின் ஆதார், ரேஷன் கார்டு, ஒரு அடகுச் சீட்டு. ஆஸ்பத்திரிச் சீட்டு மட்டும் இல்லை.

"நாலு தடவ போனேன் தம்பி. நாலு தடவயும் வாயாலயே சொல்லி அனுப்பிட்டாக."

அடகுச் சீட்டு எதற்கு என்று கேட்டேன். காதுத் தோட்டை அடகு வைத்து, ஏதோ ஒரு தனியார் மறுவாழ்வு இல்லத்துக்கு 30,000 ரூபாய் முன்பணம் கட்டியிருக்கிறார். பையன் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுகிறவன். ஒரு மாதம் கழித்து மொட்டைத் தலையோடும் முதுகில் தழும்போடும் திரும்பினான். மறு வாரமே பழையபடி ஆகிவிட்டான்.

அந்த 30,000 ரூபாய் செலவாகியிருக்கவே வேண்டாம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சட்டக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப் பழக்கத்தோடு வரும் மனநலச் சிக்கல்களையும் மனநோய் என்ற சொல்லுக்குள் வைத்திருக்கிறது. ஆகவே சிகிச்சை கேட்பது உரிமை. ஏழைகளுக்கு, வறுமைக்கோட்டு அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் நடக்கும் மனநல இடங்களில் அது இலவசம். இதைச் சொல்வது அதே சட்டத்தின் 18ஆம் பிரிவு. தமிழ்நாட்டில் 2025இல் 25 அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்ற போதை மீட்பு மையங்களைத் திறந்தார்கள். இவை தவிர, மத்திய அரசு மானியத்தில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மறுவாழ்வு மையங்களும் உண்டு. அங்கேயும் காசு கேட்கக் கூடாது.

காகிதத்தில் இவ்வளவும் இருக்கிறது. சிக்கல் கவுண்டரில்தான்.

"இங்க போதைக்கெல்லாம் டாக்டர் இல்லம்மா" என்பதுதான் முதல் பதில். சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் அது உண்மையாகக்கூட இருக்கும். அதற்காகத் திரும்பி வந்துவிடாதீர்கள். பொது ஓபியில் சீட்டுப் போட்டு உட்காருங்கள். எந்த டாக்டர் பார்த்தாலும், "மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுங்க சார்" என்று கேளுங்கள். அந்த ஒரு வரி சீட்டில் ஏறிவிட்டால் அடுத்த கவுண்டரில் உங்களை விரட்டுவது கடினம். மாவட்ட மனநலத் திட்டத்துக் குழு தாலுகா ஆஸ்பத்திரிகளுக்குக் குறிப்பிட்ட நாளில்தான் வரும். அது எந்த நாள் என்பது சுவரில் எழுதியிருக்காது. செவிலியரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள், ஒரு கூலி நாள் மிச்சமாகும். தேனி மாவட்டத்துக்காரர்களுக்குப் பெரிய இடங்கள் க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் பெரியகுளம் தலைமை மருத்துவமனையும். கம்பத்திலிருந்து க.விலக்கு போக, தேனியில் பஸ் மாறி, இரண்டு மணி நேரம் பிடிக்கும். காலையிலேயே சீட்டுப் போடாவிட்டால் அன்றைய பயணம் வீண்.

அடுத்த பதில்: "பெட் இல்ல, அடுத்த மாசம் வாங்க." இதையும் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதச் சொன்னதும் சில சமயம் பெட் முளைக்கும், நானே பார்த்திருக்கிறேன். முளைக்காவிட்டாலும் ஓபியில் மருந்து தொடங்கச் சொல்லுங்கள். கஞ்சாவுக்கும் வலி மாத்திரைக்கும் பல பேருக்குப் படுக்காமலேயே சிகிச்சை கொடுக்க முடியும்.

மூன்றாவது பதில் பாதி உண்மை, அதனால்தான் அதிகம் ஏமாற்றுகிறது: "அவனா ஒத்துக்கிட்டு வந்தாத்தான் சேர்ப்போம்." விரும்பி வந்தால் நல்லதுதான். ஆனால் தனக்கோ மற்றவருக்கோ ஆபத்தான நிலையில் ஒருவர் இருந்தால், குடும்பத்தார் விண்ணப்பித்து, ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரும் தனித்தனியாகப் பரிசோதித்து 30 நாள் வரை சேர்க்க அதே மனநலச் சட்டத்தின் 89ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. வலிப்பு, உளறல், மூச்சுத் திணறல், தற்கொலைப் பேச்சு இவையெல்லாம் ஓபி விஷயமே இல்லை. 108க்கு அடித்து நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே எந்தப் பதிவு பெற்ற டாக்டரும் 72 மணி நேரம் வரை அவசர சிகிச்சை கொடுக்கலாம், மனநல டாக்டர் இல்லை என்று தட்டிக் கழிக்க முடியாது.

கூட இருக்க ஆள் கேட்பார்கள். கூலி வீட்டில் இது பெரிய சுமை. அம்மா ஒருத்தியே இரவு பகல் உட்கார்ந்தால் அடுப்பு எரியாது. அப்பா, மாமா, சித்தப்பா என்று முதலிலேயே முறை போட்டுக்கொள்ளுங்கள். நடுவில் ஆள் இல்லாமல் போனால், "சொந்த விருப்பத்தில் போகிறேன்" என்று கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுவார்கள். பையன் மேல் போதை வழக்கு இருந்தால் அந்தக் கையெழுத்து பின்னால் உங்களைக் கடிக்கும்.

வழக்கு என்றதும் பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள். ஆஸ்பத்திரியில் போதை என்று சொன்னால் போலீஸுக்குப் போய்விடுமோ என்ற பயம். ஓபியில் டாக்டரிடம் சொல்வது ரகசியம், அதற்கும் சட்டம் இருக்கிறது. அதைவிடப் பெரிய பாதுகாப்பு, 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு. பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கு வந்த ஒரு போதை நோயாளி, தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால், அந்த வழக்கிலிருந்து விலக்கு உண்டு.

இதில் மூன்று பொறி. சிகிச்சையை முழுதாக முடிக்க வேண்டும், பாதியில் ஓடினால் விலக்கைத் திரும்பப் பெறலாம். அங்கீகாரம் இல்லாத இல்லத்தில் மூன்று மாதம் கிடந்தாலும் கணக்கில் வராது. சிறிய அளவு என்பது பொருளுக்குப் பொருள் மாறும்: கஞ்சாவுக்கு 1 கிலோ வரை, எம்டிஎம்ஏ என்ற செயற்கைப் போதைப்பொருளுக்கு வெறும் அரை கிராம். காலேஜ் பையன்கள் இந்த அரை கிராமில்தான் மாட்டுகிறார்கள். இந்தப் பிரிவைப் போலீஸ் எடுத்துச் சொல்லும் என்று காத்திருக்காதீர்கள். டிஸ்சார்ஜ் தாளோடு வக்கீல் மனுப் போட வேண்டும். வக்கீலுக்குக் காசில்லையென்றால் 15100க்கு அடித்துச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள்.

மலைக்கு மேலே லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், குடியிருப்பவர்களுக்குத் தனித் தொல்லை. கார்டு தமிழ்நாட்டில், வேலை இடுக்கியில். இரண்டு பக்கமும் "உங்க ஊருக்குப் போங்க" என்பார்கள். சிகிச்சைக்கு ரேஷன் கார்டு எல்லை கிடையாது. கேரளத்தில் கலால் துறையின் 'விமுக்தி' திட்டத்தில் மாவட்டந்தோறும் போதை மீட்பு மையம் உண்டு, ஆலோசனைக்கு 14405. மலையாளம் தட்டுத் தடுமாறினாலும் பரவாயில்லை, போங்கள். எல்லையில் கம்பம்மெட்டுச் செக்போஸ்டில் பிடிபட்டு வழக்கு கேரளத்தில் இருந்தாலும், க.விலக்கில் போட்ட சீட்டு செல்லும். சட்டம் மத்தியச் சட்டம்.

இனி தனியார் இல்லங்கள். ஒழுங்காக நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் செல்போனில் தேடினால் முதலில் வருவது விளம்பரம். "ராத்திரி வண்டியோட வந்து ஆளத் தூக்கிட்டுப் போறோம்" என்றால் அங்கேயே போனை வையுங்கள். மாநில மனநல ஆணையப் பதிவுச் சான்று கேளுங்கள். காட்டத் தயங்கினால் எழுந்து வாருங்கள். சங்கிலி போடுவது, கட்டாய மொட்டை, கூலியில்லாமல் வேலை வாங்குவது எல்லாமே சட்டப்படி தடை. "முதல் 20 நாள் போன் பேசக் கூடாது, பார்க்க வரக் கூடாது" என்பவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்றே நான் எடுத்துக்கொள்வேன். மனநல டாக்டர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், இரவில் யார் இருப்பார் என்று கேளுங்கள். அதிகமாகக் குடிப்பவர், தூக்க மாத்திரைக்கு அடிமையானவர் திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வந்து உயிர் போகலாம். அதைப் பூட்டிய அறையும் கம்பும் சமாளிக்காது.

வலி மாத்திரை, ஹெராயின் பழக்கத்தில் ஆபத்து பெரும்பாலும் வெளியே வந்த பிறகு. ஒரு மாதம் நிறுத்தியதில் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். பழைய அளவையே மறுபடி ஏற்றினால் மூச்சு நின்றுவிடும். இதைப் பையனிடம் நேராகச் சொல்லுங்கள், மறைப்பதில் லாபமில்லை. ஊசி போட்டவர்களுக்கு எச்ஐவி, மஞ்சள் காமாலை சி வகைப் பரிசோதனையும் அரசு மருத்துவமனையில் இலவசம். யாரும் தானாகச் சொல்லமாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

எண்களில் குழம்பாதீர்கள். மானியம் வாங்கும் மறுவாழ்வு மையம் பக்கத்தில் எங்கே என்று கேட்க 14446. ராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் டெலி மனஸ் 14416, தமிழிலும் பேசுவார்கள். 10581 என்பது விற்பவனைப் பற்றித் தகவல் சொல்ல. மகனுக்குச் சிகிச்சை கேட்டு அதற்கு அடித்த ஒரு அப்பா, அன்று முழுக்க வீட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். திருப்பி அனுப்பினால் முதல்வர் உதவி மையம் 1100, அல்லது திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு. மனுவில் தேதி, கவுண்டர், சொன்ன வார்த்தை மூன்றும் இருக்கட்டும்.

அந்த அக்காவின் மகனுக்கு ஐந்தாவது தடவை சீட்டுப் போட்டோம். இப்போது மாதம் இரண்டு முறை போய் மருந்து வாங்குகிறான். நடுவில் ஒரு முறை சறுக்கினான், மறுபடி அதே சீட்டோடு போனான். தாள் கிழிந்துவிடுமே என்று அக்கா லேமினேட் பண்ணக் கிளம்பினார். நான்தான் தடுத்தேன். நகல் இரண்டு எடுத்து வையுங்கள், பிளாஸ்டிக் கவரில் போடுங்கள். லேமினேட் மட்டும் வேண்டாம், டாக்டர் அடுத்த தேதியை எழுத இடம் இருக்காது.