ஒரே காட்சி: சிலருக்குச் சிரிப்பு, சிலருக்குக் கடுப்பு

பயமும் சிரிப்பும் அபத்தமும் கலந்த ஒரு படம் வந்தால், அதன் சராசரி மதிப்பெண்ணை மட்டும் நம்பி எந்த முடிவுக்கும் வர வேண்டாம். பத்துக்கு ஐந்து என்று இருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால், பல நேரம் ஒன்பதும் பத்தும் ஒரு பக்கம் குவிந்திருக்கும், ஒன்றும் இரண்டும் இன்னொரு பக்கம் குவிந்திருக்கும். ஐந்து கொடுத்தவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ரசனை கெட்டவர்கள் என்று ஒரு தரப்பும், புரிந்த மாதிரி நடிக்கிறார்கள் என்று மறு தரப்பும் திட்டிக்கொள்வது வழக்கம். இரு தரப்புமே பொய் சொல்லவில்லை என்பதுதான் என் கட்சி. ஒரே காட்சி இரண்டு உடம்புகளுக்குள் இரண்டு விதமாக வேலை செய்திருக்கிறது.

ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நள்ளிரவு. மேசை மேல் வெள்ளைத் துணி போர்த்திய பிணம். பின்னணி இசை மெல்ல அடங்குகிறது. பிணம் சடாரென்று எழுந்து உட்காருகிறது. கதாநாயகி அலறுகிறாள். பிணம் அவளைத் திரும்பிப் பார்த்து, "கதவைச் சாத்திட்டுக் கத்தும்மா, குளிருது" என்கிறது.

பிணம் எழுந்ததும், ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு ஆவதற்குள் கண் இமைகள் தாமாக மூடத் தொடங்கிவிடும். யோசித்துச் செய்வதல்ல, அனிச்சைச் செயல். அடுத்து அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது. இந்தப் படபடப்பு சுவிட்சை அணைத்த மாதிரி உடனே நின்றுவிடாது. பயம் போன பிறகும் கொஞ்ச நேரம் உடம்பில் மிச்சமிருக்கும். அந்த மிச்சம் அடுத்து வரும் உணர்ச்சியில் ஏறிக்கொள்ளும் என்று 1970களில் உளவியலாளர் டால்ஃப் ஜில்மன் விளக்கினார். அடுத்து வருவது நகைச்சுவையானால் சிரிப்பு இரட்டிப்பாகும். எரிச்சலானால் எரிச்சலும் அப்படித்தான் பெருகும். பிணம் பேசிய அந்த ஒரு வரி, சாதாரண நாடகத்தில் ஒரு புன்னகைக்கு மேல் தேறாது. இங்கே சிலர் வயிறு வலிக்கச் சிரிப்பதற்கும், சிலர் எழுந்து போகிற அளவுக்குக் கடுப்பாவதற்கும் இந்த மிச்சப் படபடப்பு ஒரு முக்கியக் காரணம்.

சரி, அது யாருக்குச் சிரிப்பாகிறது? நரம்பியலாளர் விளையனூர் ராமச்சந்திரன் 1998இல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஆபத்து என்று நினைத்தது ஆபத்தில்லை என்று தெரிந்ததும், "பயப்படாதீர்கள், ஒன்றுமில்லை" என்று கூட்டத்தாருக்கு அறிவிக்கும் ஒலியாகவே சிரிப்பு தோன்றியிருக்கலாம் என்பது அவர் வாதம். 2010இல் ஆய்வாளர்கள் பீட்டர் மெக்ராவும் கேலப் வாரனும் சொன்னது இதற்குப் பக்கத்தில் வருகிறது. ஏதோ ஒரு வரம்பு மீறப்பட வேண்டும், அந்த மீறல் தீங்கற்றதாகவும் தோன்ற வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில் மனதில் நிற்க வேண்டும். அப்போதுதான் சிரிப்பு. மீறல் மட்டும் தெரிந்தால் அருவருப்போ கோபமோ வரும். தீங்கற்ற தன்மை மட்டும் தெரிந்தால் கொட்டாவிதான்.

ஆக, ஒரு காட்சி தோற்பதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. நிறையப் பேய்ப் படம் பார்த்தவருக்குப் பிணம் எழப்போவது முன்பே தெரியும். மிரட்சியே வராதபோது அதிலிருந்து விடுபடுவதற்கும் ஒன்றுமில்லை. இன்னொரு வழி இதைவிடச் சுவாரசியமானது. பயத்தை "இது வெறும் படம்" என்று சொல்லி ஓரளவு அடக்கலாம். அருவருப்பு அதற்குக் கட்டுப்படுவதில்லை. பால் ரோசினும் அவருடைய குழுவினரும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல சாக்லேட் மிட்டாயை நாய்க் கழிவின் வடிவத்தில் செய்து கொடுத்தார்கள். மிட்டாய்தான் என்று நன்றாகத் தெரிந்தும் அதைச் சாப்பிடப் பலர் தயங்கினார்கள். குடல் சரிந்து கிடக்கும் காட்சியிலும் இதுதான் நடக்கிறது. ரப்பரும் சாயமும்தான் என்று மூளைக்குத் தெரியும், வயிறு கேட்பதில்லை. அருவருப்பு எளிதில் கிளம்பும் உடம்பு உள்ளவருக்கு "ஒன்றுமில்லை" என்ற செய்தி கடைசிவரை வந்து சேராது. அவரைப் பார்த்து "நகைச்சுவை உணர்வு இல்லை" என்று சொல்வது அநியாயம்.

இதன் மேல் அபத்தமும் சேரும்போதுதான் பிளவு முழுசாகிறது. சாதாரண ஜோக்கில் ஒரு முரண் வரும், கடைசி வரியில் அது அவிழும். அபத்தப் படம் அவிழ்ப்பதே இல்லை. பிணத்துக்கு ஏன் குளிர்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அடுத்த காட்சியில் அது சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும். கேள்விக்குத் தெளிவான பதில் கிடைத்தே ஆக வேண்டும் என்ற தவிப்பு ஆளுக்கு ஆள் மாறுபடும். அதை அளக்க டோனா வெப்ஸ்டரும் ஆரி குருக்லான்ஸ்கியும் 1994இல் ஒரு அளவுகோலே உருவாக்கினார்கள். அந்தத் தவிப்பு அதிகம் உள்ளவருக்கு, அவிழாத முடிச்சு ஒவ்வொன்றும் கடன் பாக்கி மாதிரி உறுத்தும் என்று எதிர்பார்க்கலாம்.

அபத்தம் மூளையைச் சும்மா விடுவதும் இல்லை. டிராவிஸ் புரூவும் ஸ்டீவன் ஹைனும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், எழுத்தாளர் காஃப்காவின் ஒரு கதையை மாற்றியமைத்துச் சிலரைப் படிக்க வைத்தார்கள். பொருள் பிடிபடாத வடிவத்தைப் படித்தவர்கள், அப்புறம் கொடுத்த எழுத்து வரிசைகளில் ஒளிந்திருந்த ஒழுங்கை மற்றவர்களைவிட நன்றாகக் கண்டுபிடித்தார்கள். அர்த்தம் ஓரிடத்தில் குலைந்தால் மூளை வேறிடத்தில் அதைத் தேடுகிறது என்பது அவர்கள் விளக்கம். ஒரே ஆய்வின் மேல் கோட்டை கட்ட முடியாது. ஆனாலும் இத்தகைய படம் முடிந்ததும் "அந்தக் கதவுதான் அவளுடைய குற்ற உணர்ச்சி" என்று விளக்கம் அடுக்குபவர்களைப் பார்க்கும்போது எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வருகிறது. அந்தத் தேடலை இன்பமாக உணர்பவர்கள் பத்து மதிப்பெண் கொடுக்கிறார்கள். வேலை வாங்கப்பட்டதாக உணர்பவர்கள் ஒன்று கொடுக்கிறார்கள்.

பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் கணக்கில் வரும். தனியாக இருக்கும்போதைவிடப் பிறரோடு இருக்கும்போது சுமார் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறோம் என்று கண்டவர் ராபர்ட் புரோவைன். அரங்கில் முதலில் சிரிக்கும் ஒருவர், சிரிப்பதா நடுங்குவதா என்று தெரியாமல் தவிக்கும் மற்றவர்களுக்கு அனுமதி கொடுத்துவிடுகிறார். அதே படத்தை வீட்டில் தனியாகப் பார்ப்பவருக்கு அந்த அனுமதியைக் கொடுக்க ஆளில்லை.

டென்மார்க்கின் வைலே நகரில் கேளிக்கைக்காக அமைத்த ஒரு பேய் வீட்டுக்குள் போன 110 பேருக்கு இதயத்துடிப்புக் கருவி மாட்டி ஆராய்ந்தார்கள். முடிவுகள் 2020இல் வெளியாயின. பயம் கூடக்கூட இன்பமும் கூடியது, ஒரு கட்டத்துக்கு மேல் சரிந்தது. கவிழ்த்த கிண்ணம் போன்ற வளைவு அது. இதை வைத்துப் பார்த்தால், முதல் தடவை சரிவின் மறுபக்கம் போய்விட்டவர், இரண்டாம் தடவை பிணம் என்ன பேசும் என்று தெரிந்தே உட்காரும்போது உச்சிக்கு அருகில் வந்து சேரலாம். முதல் தடவையே அசையாமல் உட்கார்ந்திருந்தவருக்கு, எத்தனை தடவை போட்டுக் காட்டினாலும் அந்த உச்சி இன்னும் தூரமாகத்தான் போகும்.