கோமுகம்: பசுவின் வாயா, பனியாற்றின் வாயா?

கங்கோத்ரி யாத்திரை போய் வந்தவர்கள் 'கோமுக் வரைக்கும் நடந்தோம்' என்று சொல்லக் கேட்டிருப்போம். இந்திக்காரர்கள் வாயில் அது கௌமுக். நமக்குப் பழகிய கோமுகம்தான். கோ என்றால் பசு. வடமொழியில் முகம் என்பது வாயையும் குறிக்கும்.

உத்தரகாண்டில், கங்கோத்ரி கோயிலிலிருந்து ஏறத்தாழ 18 கிலோமீட்டர் நடை. சுமார் 30 கிலோமீட்டர் நீளமுள்ள கங்கோத்ரி பனியாறு (ஆங்கிலத்தில் கிளேசியர்), ஏறக்குறைய 4,000 மீட்டர் உயரத்தில் சட்டென்று முடிகிற இடம் இது. காலண்டர் படம்போல வெள்ளை வெளேரென்று இருக்கும் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். கல்லும் மண்ணும் அப்பிய சாம்பல்நிறச் சுவர். விரிசல்களில் மட்டும் நீலம். அடியில் ஒரு குகை, அதிலிருந்து இரைச்சலோடு பாகீரதி. தேவப்பிரயாகையில் அலக்நந்தா வந்து சேர்ந்த பிறகுதான் இவளுக்குக் கங்கை என்று பெயர். நீரும் தெளிவாக இருக்காது. நகரும் பனி, பாறையை மாவாக அரைத்துக் கலந்துவிடுவதால் சாம்பல் கரைத்த பால்போல இருக்கும்.

சரி, பசு எங்கே? அந்தக் குகை பசுவின் வாய்போல இருந்ததால் வந்த பெயர் என்பார்கள். இன்று தேடிப் பயனில்லை. பனி உடைந்து விழ விழ முகம் மாறிக்கொண்டே இருக்கிறது. கடந்த நூறாண்டுக்குள் அந்த முனை ஒரு கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், பனியாறு முடியும் முனைக்கு ஆங்கிலப் புவியியலாளர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஸ்னவுட்'. அதுவும் விலங்கின் மூக்கும் வாயும்தான்!

இனி, கிளேசியருக்குத் தமிழ். பனிக்கட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது கிளேசியர். இந்தியில் ஹிம்நத், அதாவது பனிநதி. நம் செய்தித்தாள்கள் 'பனிப்பாறை' என்று எழுதித் தள்ளுகின்றன. டைட்டானிக் மோதியது பனிப்பாறை. கிளேசியரோ சரிவில் மெல்ல வழிந்து நகர்வது. பனியாறு என்பதே சரி. பனி என்றால் நமக்கு மார்கழிப் புல்நுனிதான் நினைவுக்கு வரும். ஆனால் இமயத்தைப் 'பனிபடு நெடுவரை' என்று புறநானூறு அன்றே சொல்லிவிட்டது, ஆகவே சொல் புதிதல்ல. முனையைப் பனியாற்று முகம் எனலாம். கழிமுகம், முகத்துவாரம் என்று ஆறு கடலில் சேரும் இடத்தை முகமாக்கியவர்கள் நாம். இங்கே பிறக்கும் இடம் முகமாகிறது.

கோமுகத்தையே தமிழாக்கினால்? ஆ என்றாலும் பசுதான். ஆனால் 'ஆமுகம்' என்று எழுதினால், ஆறுமுகத்தில் ஓர் எழுத்து விட்டுப்போனது என்பார்கள். தேவையும் இல்லை, அந்தச் சொல் நம் கோயிலிலேயே இருக்கிறது. சிவன் கோயிலில் கருவறையின் வடபுறச் சுவரில், சண்டிகேசுவரர் சன்னிதிக்குப் பக்கத்தில், அபிஷேக நீர் வெளியே விழும் கல்தூம்பு உண்டல்லவா? அதுதான் கோமுகி, கோமுகம் என்றும் சொல்வார்கள். பாலும் விபூதியும் கலந்து ஒழுகும் நீரைக் கை நீட்டி ஏந்தித் தலையில் தெளித்துக்கொள்வோம். பிரதோஷத்தன்று அதைத் தாண்டாமல் திரும்பி வலம்வருவோம்.

இதைப் பார்த்தவர்களுக்கு மேலே அந்தப் பனியாற்று முகம் புதிதாகத் தெரியாது. அங்கே தலைக்குமேல் நிற்கும் 6,543 மீட்டர் சிகரத்தின் பெயர் சிவலிங். மேலே லிங்கம், கீழே தூம்பு, பால்நிற நீர். கருவறைச் சுவர்தான் இல்லை.

கங்கோத்ரியில் மொண்ட நீரை ராமேஸ்வரத்துக்குக் கொண்டுவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்யும் வழக்கம் இன்றும் இருக்கிறது. வடக்கே ஒரு கோமுகத்தில் வந்த நீர், தெற்கே இன்னொரு கோமுகி வழியாக வெளியேறுகிறது.