பூவா தலையா என்று நடந்தால்

பூ விழுந்தால் வலப்பக்கம் ஓர் அடி, தலை விழுந்தால் இடப்பக்கம் ஓர் அடி. இப்படியே நாணயத்தைச் சுண்டிச் சுண்டி 10,000 அடி நடந்தால் எங்கே போய் நிற்போம்? கணிதத்தில் இதற்குச் சமவாய்ப்பு நடை என்று பெயர்.

இடமும் வலமும் அடிபட்டுப்போய், கிளம்பிய இடத்துக்குப் பக்கத்தில்தான் நிற்போம் என்று தோன்றும். சரி, எவ்வளவு பக்கத்தில்? இப்போது 7 அடி தள்ளி நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் வர்க்கம் 49. அடுத்த அடியில் 8-க்குப் போகலாம், 6-க்கும் வரலாம். வர்க்கங்கள் 64, 36, சராசரி 50. வேறு எந்த எண்ணை வைத்துப் போட்டாலும் இதே கதைதான்: ஓர் அடிக்கு, தூரத்தின் வர்க்கம் சராசரியாக 1 கூடும். 10,000 அடிக்கு 10,000. வர்க்கமூலம் எடுத்தால் 100. அவ்வளவு நடந்தும் விலகல் பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கும். இப்படிச் சின்னச் சின்ன அடிகள் நிறையச் சேர்ந்தால், முடிவுகள் நடுவில் குவிந்து மணி வடிவ வளைவாகப் பரவும் என்கிற மைய எல்லைத் தேற்றம் இன்னும் துல்லியமாகச் சொல்கிறது: 100 அடிக்குள் நிற்க வாய்ப்பு சுமார் 68%, 200 அடிக்குள் நிற்க சுமார் 95%. நாணயத்துக்கான இந்த மணி வடிவ வளைவைக் கணித அறிஞர் டி மாவர் 1733-லேயே கண்டுவிட்டார்.

இதுவரை சாதுவான கணக்கு. நடையில் எவ்வளவு நேரம் வலப்பக்கம் இருந்தோம் என்று கேட்டால்தான் வில்லங்கம். பாதிக்குப் பாதி இருக்கும் என்றுதானே நினைப்போம்? கணினியில் முதன்முறை ஓட்டிப் பார்த்தபோது, நிரலில் பிழை என்றே நினைத்தேன். நடை ஏதாவது ஒரு பக்கமே பழியாய்க் கிடந்தது.

பிழை இல்லை. ஒரு பக்கம் இருக்கும் நேரம் எப்படி அமையும் என்று கணிக்க, கணித அறிஞர் பால் லெவி 1939-ல் தந்த ஆர்க்சைன் விதி சொல்வதும் அதுதான். வலப்பக்க நேரம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் அமைய வாய்ப்பு வெறும் 13%. ஏதோ ஒரு பக்கம் 90 சதவீதத்துக்கும் மேல் நேரத்தைப் பிடித்துக்கொள்ள வாய்ப்போ 41%! இரு பக்கமும் சமமாகப் பங்கிடுவதுதான் இருப்பதிலேயே அரிது.

காரணம், கிளம்பிய இடத்துக்குத் திரும்புவதில் இருக்கிறது. நடையை நிறுத்தாவிட்டால் என்றாவது திரும்பியே தீருவோம், வாய்ப்பு 1. பாதித் தடவை இரண்டே அடியில் திரும்பிவிடுவோம். ஆனால் 100 அடி நடந்தும் ஒருமுறைகூடத் திரும்பாதிருக்க வாய்ப்பு சுமார் 8%, 10,000 அடியிலும் சுமார் 0.8%. அடி நூறு மடங்கானால் இந்த வாய்ப்பு பத்தில் ஒன்றாகத்தான் குறைகிறது. அப்படி ஒரு நீண்ட பயணம் மாட்டினால் மொத்த நேரத்தையும் அதுவே விழுங்கிவிடும். திரும்பி வர ஆகும் அடிகளுக்குச் சராசரி போட்டால், அது முடிவிலி.