எக்ஸ்போர்ட் ஏன் இப்படி இழுக்கிறது?

வீடியோ எடிட்டிங்கில் ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசேஷனைப் போட்டதும், சில நிமிடங்களில் முடிந்துகொண்டிருந்த எக்ஸ்போர்ட், அதாவது முடித்த வீடியோவைக் கோப்பாக வெளியே எடுக்கும் வேலை, மணிக்கணக்கில் இழுக்கும். பலரும் கிராஃபிக்ஸ் கார்டைத்தான் சந்தேகிப்பார்கள். பெரும்பாலும் அதன்மேல் தப்பில்லை.

இந்த வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் அலசல். ஜன்னல் மூலை, இலை நுனி போலப் பளிச்சென்று தெரியும் புள்ளிகளை ஒரு ஃபிரேமில் பிடித்து, அடுத்த ஃபிரேமில் அவை எங்கே போயின என்று மென்பொருள் தேடும். லூகாஸ், கனடே என்ற இரு ஆய்வாளர்கள் 1981-இல் வெளியிட்ட முறைதான் இன்றும் பல இடங்களில் இதற்கு அடிப்படை. பெரும்பாலான புள்ளிகள் சேர்ந்து நகர்ந்தால், நகர்ந்தது கேமரா. ஒன்றிரண்டு மட்டும் தனியாக ஓடினால் குறுக்கே யாரோ போகிறார்கள். அவற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இப்படிக் கிடைத்த கேமராவின் பாதையைச் சீராக்கி, இரண்டாம் கட்டத்தில் ஒவ்வொரு ஃபிரேமையும் எதிர்ப்பக்கம் நகர்த்தி, ஓரத்தை வெட்டிவிடும். இது பொதுவாக லேசான வேலை. கணினியைப் பிழிந்தெடுப்பது அலசல்தான். அதிலும் 4கே என்றால் ஃபிரேமுக்குச் சுமார் 83 லட்சம் பிக்சல், 1080பி-யைப் போல 4 மடங்கு.

ஆகவே முதலில் கிளிப்பில் வேண்டிய துண்டை மட்டும் வெட்டியெடுங்கள், பிறகு ஸ்டெபிலைஸ் செய்யுங்கள். நொடிக்கு 30 ஃபிரேம் வீதம் 10 நிமிடக் கிளிப்பில் 18,000 ஃபிரேம்கள். உங்களுக்கு வேண்டிய 8 நொடியில் வெறும் 240. சில மென்பொருள்கள் டைம்லைனில் (கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் இடத்தில்) வெட்டியதைக் கண்டுகொள்ளாமல் மூலக் கோப்பு முழுவதையும் அலசும். அப்படியானால் அந்தத் துண்டைத் தனிக் கோப்பாக எடுத்துக்கொள்வதே நல்லது.

அப்புறம், அலசல் முடியாமல் எக்ஸ்போர்ட்டைத் தொடவே வேண்டாம். முடிந்ததும் அந்தக் கிளிப்பை மட்டும் புரோரெஸ் அல்லது டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் என்ற எடிட்டிங்குக்கான வீடியோ வடிவத்தில் ரெண்டர் செய்து டைம்லைனில் மாற்றி வையுங்கள். டிஸ்க்கில் இடம் கன்னாபின்னாவென்று போகும்தான். ஆனால் அதன்பின் எத்தனை முறை எக்ஸ்போர்ட் செய்தாலும் எஃபெக்ட்டைத் திரும்பக் கணக்கிட வேண்டியதில்லை.

பிரீமியர் ப்ரோ என்ற எடிட்டிங் மென்பொருளில், வெட்டுப்படும் ஓரங்களை அண்டை ஃபிரேம்களிலிருந்து நிரப்பும் தேர்வு ஒன்று உண்டு. நேரத்தை விழுங்கும், வெறும் கிராப் போதும் என்பேன்.

கேமரா எப்படித் திரும்புகிறது என்று அளக்கும் கைரோஸ்கோப் சென்சாரின் தரவையும் பதிவு செய்யும் கேமரா என்றால், எல்லா ஃபிரேமையும் அலச வேண்டியதில்லை. கைரோஃப்ளோ போன்ற இலவச மென்பொருள் அந்தத் தரவை வைத்தே கேமராவின் அசைவைக் கணக்கிட்டுவிடும். ஒரு நிபந்தனை: படமெடுக்கும்போது லென்ஸை நகர்த்தும் ஆப்டிகல் ஸ்டெபிலைசேஷன் அணைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கைரோ சொல்லும் அசைவும் படத்தில் பதிந்த அசைவும் ஒத்துப்போகாது.