12 லட்சம் வரை வரி இல்லை என்பது யாருக்கு?

2025 பிப்ரவரி 1 அன்று நிர்மலா சீதாராமன் தாக்கல் செய்த பட்ஜெட்டில் எல்லோர் மனதிலும் நின்றது ஒரே வரி: 12 லட்சம் ரூபாய் வரை வருமான வரி கிடையாது. இதை நம்பி ரிட்டர்ன் போடாமல் விடுபவர்களும், பங்கு விற்ற லாபத்துக்கு வரி ஒதுக்கி வைக்காதவர்களும் நிறைய. அதனால் இந்த 12 லட்சம் எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிடலாம்.

வருமான வரி கணக்கிட இரண்டு முறைகள் உண்டு: கழிவுகள் அதிகம் உள்ள பழைய முறை, கழிவுகளைக் குறைத்து விகிதத்தையும் குறைத்த புதிய முறை. புதிய முறையில் வரியே இல்லாத வரம்பு 4 லட்சம்தான். அதற்கு மேல் 8 லட்சம் வரை 5 சதவீதம், 12 லட்சம் வரை 10 சதவீதம் என்று ஏறி, 24 லட்சத்துக்கு மேல் 30 சதவீதத்தில் நிற்கிறது. இந்தக் கணக்குப்படி 12 லட்சம் வருமானத்துக்கு 60,000 ரூபாய் வரி வரும். வந்த வரியை 87ஏ என்ற பிரிவு முழுசாகத் தள்ளுபடி செய்கிறது. சம்பளக்காரர்களுக்கும் ஓய்வூதியக்காரர்களுக்கும் 75,000 ரூபாய் நிலையான கழிவு உண்டு என்பதால், அவர்களுக்கு இது 12.75 லட்சம் வரை நீள்கிறது. இது 2025 ஏப்ரல் 1 முதல் வரும் வருமானத்துக்கு. பழைய முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இந்தத் தள்ளுபடி இல்லை.

வரம்பைக் கொஞ்சம் தாண்டினால் முழு வரியும் தலையில் விழுமோ என்று பயப்பட வேண்டாம். சம்பளம் 13 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். நிலையான கழிவு போக 12.25 லட்சம். கணக்குப்படி வரி 63,750. ஆனால் 12 லட்சத்தைத் தாண்டிய தொகை 25,000 மட்டுமே. வரியும் அதற்கு மேல் போகாது. வரியின் மேல் போடப்படும் 4 சதவீத செஸ் சேர்த்து 26,000 கட்டினால் போதும். இந்தச் சலுகை வரிக்குரிய வருமானம் சுமார் 12.70 லட்சம் ஆகும் வரை உதவும். அதற்கு அப்புறம் வழக்கமான கணக்குதான்.

பலர் மாட்டிக்கொள்வது பங்குச் சந்தையில். தனி விகிதத்தில் வரி போடப்படும் வருமானத்துக்குப் புதிய முறையில் 87ஏ தள்ளுபடி கிடையாது. ஒரு வருடத்துக்குள் பங்கை விற்ற லாபத்துக்கு 20 சதவீதம். ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால், 1.25 லட்சத்தைத் தாண்டிய லாபத்துக்கு 12.5 சதவீதம். கழிவு போகச் சம்பளம் 8 லட்சம், குறுகிய கால லாபம் 1 லட்சம் உள்ளவருக்குச் சம்பளத்தின் மேல் வரி இல்லை. லாபத்துக்கு மட்டும் 20,000 ரூபாயும் 800 ரூபாய் செஸ்ஸும் கட்டியே ஆக வேண்டும். மொத்தம் 9 லட்சம்தானே என்ற வாதம் செல்லாது. வேறு வருமானம் குறைவாக உள்ள இல்லத்தரசிகளுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. இந்தியாவில் குடியிருப்பவர் என்றால், 4 லட்சம் வரம்பில் பயன்படாமல் மிஞ்சிய தொகையை இந்த லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். வட்டி 1 லட்சம், பங்கு லாபம் 2.5 லட்சம் என்றால் வரியே வராது.

ரிட்டர்ன் விஷயத்துக்கு வருவோம். மொத்த வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால், வரி பூஜ்யம் ஆனாலும் ரிட்டர்ன் போட வேண்டும். வட்டி தரும்போதே வங்கி பிடித்துக்கொண்ட வரி (டிடிஎஸ்) திரும்பக் கிடைக்கவும் அதுதான் வழி. வட்டிக்கு வங்கி வரி பிடிக்கும் வரம்பு 2025 ஏப்ரலில் 40,000இலிருந்து 50,000 ஆகவும், மூத்த குடிமக்களுக்கு 50,000இலிருந்து 1 லட்சமாகவும் உயர்ந்தது. வங்கி பிடிக்கவில்லை என்பதற்காக வட்டி வருமானத்தைக் காட்டாமல் விட்டுவிடக் கூடாது.

தொழில் செய்பவர்களுக்கு என் பார்வையில் இதையெல்லாம்விட முக்கியமானது 43பி(எச்) பிரிவு. 2023-24 நிதியாண்டு முதலே நடப்பில் இருந்தாலும் இன்னும் பலருக்குச் சரியாகத் தெரியவில்லை. குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கோ சேவையோ வாங்கினால், எழுத்தில் ஒப்பந்தம் இல்லாதபோது 15 நாளில், இருந்தால் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். கெடு தாண்டி, மார்ச் 31 அன்றும் பாக்கி நின்றால், அந்த ஆண்டு அதைச் செலவாகக் காட்ட முடியாது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி, ஜாப் ஒர்க் செய்த சிறு யூனிட்டுக்கு ஜனவரி பில் 5 லட்சத்தை மார்ச் முடிந்தும் தராமல் இழுத்தால், அந்த 5 லட்சம் கம்பெனியின் லாபத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும். பணம் கொடுக்கும் ஆண்டில்தான் செலவாக ஏற்பார்கள். தாமதத்துக்கான வட்டி ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாந்திரக் கூட்டு வட்டி. அந்த வட்டியையும் செலவில் கழிக்க முடியாது.

வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. உற்பத்தி, சேவை நிறுவனங்களுக்கு மட்டுமே. 2025 ஏப்ரல் முதல் வரையறை பெரிதாகியிருக்கிறது: முதலீடு 25 கோடி, விற்றுமுதல் 100 கோடி வரை சிறு நிறுவனம்தான். ஆகவே சிறு யூனிட் நடத்துபவர்கள் உத்யம் (குறு, சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுங்கள். பணம் கேட்டு நடையாய் நடப்பவர்கள் கையில் சட்டம் கொடுத்திருக்கும் உண்மையான பிடி இது. வாங்கும் பக்கம் இருப்பவர்கள் பிப்ரவரியிலேயே பாக்கிப் பட்டியலை ஆடிட்டரோடு உட்கார்ந்து பார்த்துவிடுவது நல்லது.

இன்னொன்று, ஆண்டுக் குழப்பம். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் ‘வருமான வரிச் சட்டம், 2025’ என்ற புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அமல். வருமானம் வந்த ஆண்டைக் குறிக்கும் முந்தைய ஆண்டு, அதற்கு வரி கணக்கிடும் அடுத்த ஆண்டான மதிப்பீட்டு ஆண்டு இரண்டும் போய், இனி வரி ஆண்டு ஒன்றுதான். 2026 மார்ச் 31 வரையான வருமானத்துக்கு மதிப்பீட்டு ஆண்டு 2026-27, பழைய சட்டம். அடுத்த நாள் தொடங்கும் வருமானத்துக்கு வரி ஆண்டு 2026-27, புதிய சட்டம். எண் ஒன்று, வருமானம் வேறு. 2026இல் ஆன்லைனில் வரி கட்டும்போது, ரிட்டர்னுக்கான பாக்கி வரியா, நடப்பு வருமானத்துக்கான முன்கூட்டிய வரியா என்று பார்த்து, அதற்குரிய ஆண்டைத் தேர்ந்தெடுத்த பிறகே பணம் செலுத்துங்கள்.