நமத்துப்போன பந்து

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மகன் அமெரிக்காவில் டென்வரில் வேலை பார்க்கிறாராம். இந்தக் கோடையில் பெற்றோரை அழைத்துக்கொண்டு போய் பேஸ்பால் ஆட்டம் காட்டப்போகிறாராம். "அந்த மைதானத்தில் பந்து மற்ற ஊர்களைவிட அதிகத் தூரம் பறக்கும், உயரத்தில் இருக்கும் ஊர் என்பதால் அங்கே புவியீர்ப்பு குறைவு என்கிறான் என் மகன். உண்மையா? அங்கே போனால் எதைக் கவனித்துப் பார்க்க வேண்டும்?"

பந்து அதிகத் தூரம் பறப்பது உண்மை. மகன் சொன்ன காரணம் மட்டும் தவறு. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். கடல்மட்டத்தில் நிற்கும் நாம் பூமியின் மையத்திலிருந்து ஏறக்குறைய 6,371 கிலோமீட்டர் தள்ளி நிற்கிறோம். டென்வரில் நிற்பவர் இன்னும் 1.6 கிலோமீட்டர் தள்ளி நிற்கிறார். இதனால் ஈர்ப்பு விசை இரண்டாயிரத்தில் ஒரு பங்கு குறையும். 120 மீட்டர் போகிற பந்துக்கு இதனால் கிடைக்கும் லாபம் 6 சென்டிமீட்டர். அரைச் சாண்கூடத் தேறாது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மைதானத்தின் பெயர் கூர்ஸ் ஃபீல்ட். கொலராடோ ராக்கீஸ் அணியின் சொந்த மைதானம். டென்வர் நகரின் பழைய கிடங்குத் தெருக்களுக்கு நடுவே இருக்கிறது. விமான நிலையத்திலிருந்து ரயிலில் யூனியன் ஸ்டேஷன் வந்து இறங்கினால் நடந்தே போய்விடலாம். சுமார் 50,000 பேர் உட்காரலாம். மலிவான டிக்கெட் வேண்டுமென்றால் நடுமைதானத்துக்குப் பின்னால் 'ராக்பைல்' என்ற பகுதி. மலையைப் பார்க்க ஆசைப்பட்டால் முதல் பேஸ் (மட்டையாளர் முதலில் ஓடித் தொட வேண்டிய மூலை) பக்கம் உட்காருங்கள். மாலையில் ராக்கி மலைத்தொடருக்குப் பின்னால் சூரியன் இறங்குவது தெரியும். அடித்தளம் தோண்டியபோது டைனோசர் எலும்புத் துண்டுகள் கிடைத்ததால், அணியின் சின்னமாக மூன்று கொம்பு வைத்த ஊதாநிற டைனோசர் ஒன்று கூத்தடித்துக்கொண்டு திரியும். பேரக்குழந்தைகள் இருந்தால் அதை விடமாட்டார்கள்.

கட்டாயம் பார்க்க வேண்டியது மேல்தட்டின் இருபதாவது வரிசை. மைதானம் முழுக்கப் பச்சை இருக்கைகள். அந்த ஒரு வரிசை மட்டும் ஊதா. அதுதான் கடல்மட்டத்திலிருந்து சரியாக ஒரு மைல், அதாவது 5,280 அடி உயரத்தைக் குறிக்கும் கோடு. சில ஆண்டுகளுக்கு முன் அந்த வரிசையில் உட்கார்ந்துகொண்டு, கடலோர ஊரிலிருந்து பையில் எடுத்துப்போன உருளைக்கிழங்கு வறுவல் பாக்கெட்டை வெளியே எடுத்தேன். தலையணை மாதிரி உப்பிக்கொண்டு, எப்போது வெடிக்கலாம் என்று காத்திருந்தது. உள்ளே இருந்தது கடலோரக் காற்று, வெளியே இருந்தது டென்வர் காற்று. இனி நான் சொல்லப்போகும் பாடத்தில் பாதியை அந்தப் பாக்கெட்டே சொல்லிவிட்டது.

டென்வரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 18 சதவீதம் குறைவு. காற்று குறைந்தால் பந்தைத் தடுக்கும் விசையும் அதே அளவுக்குக் குறையும். மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பேஸ்பாலைக் காற்று எதிர்க்கும் விசை, அந்தப் பந்தின் எடைக்குச் சமமாகவோ சற்று அதிகமாகவோ இருக்கும். காற்றே இல்லாத உலகில் அந்தப் பந்தைச் சரியான கோணத்தில் அடித்தால் 170 மீட்டருக்கு மேல் போகும். நிஜத்தில் கடலோர மைதானத்தில் 120 மீட்டர்தான். மீதியைக் காற்று விழுங்கிவிடுகிறது.

அப்படியானால் 18 சதவீதம் காற்று குறைந்த ஊரில் பந்து வெகுதூரம் ஓட வேண்டுமே? கூடுதலாகக் கிடைப்பது 5 முதல் 10 சதவீதம்தான். ஏனென்றால் நன்றாக அடிபட்ட பந்து பின்னோக்கிச் சுழன்றுகொண்டே போகிறது. அந்தச் சுழற்சி காற்றைக் கீழே தள்ள, காற்று பந்தை மேலே தாங்கிப் பிடிக்கிறது. மேக்னஸ் விளைவு என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். காற்று மெலிந்தால் தடையும் குறைகிறது, தாங்கலும் குறைகிறது. ஒரு கையால் கொடுப்பதை மறு கையால் கொஞ்சம் பிடுங்கிக்கொள்கிறது.

பந்துவீச்சாளருக்குத்தான் இரட்டை அடி. கர்வ்பால் என்ற வளையும் பந்து முழுக்க முழுக்க இந்த மேக்னஸ் விசையை நம்பிப் பிழைக்கிறது. கடலோரத்தில் 45 சென்டிமீட்டர் வளையும் பந்து டென்வரில் 37 சென்டிமீட்டர்தான் வளையும். மட்டையின் விளிம்புக்குத் தப்ப வேண்டிய பந்து நடுவயிற்றில் வந்து மாட்டிக்கொள்கிறது. கிரிக்கெட் பார்ப்பவர்கள் 2006-இல் ஜோகன்னஸ்பர்க்கில் ஆஸ்திரேலியா 434 எடுக்க, தென்னாப்பிரிக்கா 438 எடுத்து வென்றதை மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஊரும் 1,700 மீட்டருக்கு மேலே இருப்பதுதான். எல்லாப் பெருமையையும் காற்றுக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் பந்துவீச்சாளர்களுக்காக அன்று பரிதாபப்பட்டவர்கள் கொஞ்சம் பரிதாபத்தை டென்வருக்கும் ஒதுக்கலாம்.

மைதானத்தை வடிவமைத்தவர்களுக்கு இதெல்லாம் தெரியும். அதனால் எல்லைச் சுவரைத் தள்ளிக் கட்டினார்கள். இடது ஓரத்தில் 347 அடி, நடுவில் 415 அடி. விளைவு என்ன? காலிமனை பெரிதானது. அதைக் காவல் காப்பதற்கு மற்ற ஊர்களைப் போலவே மூன்று பேர்தான். சுவரைத் தாண்டாத பந்துகளும் ஆளில்லாத இடத்தில் விழுந்து ஓட்டங்களாயின. 1995 ஏப்ரல் 26 அன்று நடந்த முதல் ஆட்டமே, வழக்கமான ஒன்பது இன்னிங்ஸில் முடியாமல் 14 இன்னிங்ஸ் வரை இழுத்து, நியூயார்க் மெட்ஸை ராக்கீஸ் 11-9 என்று வென்றதில் முடிந்தது. 1999-இல் அந்த ஒரே மைதானத்தில் ஒரே பருவத்தில் 303 ஹோம் ரன்கள். கிரிக்கெட் பாஷையில் சொன்னால் ஹோம் ரன் என்பது சிக்சர். ஆனால் அதைவிட அரிது.

எல்லோரும் வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். மைதானத்தில் வேலை பார்த்த ஊழியர் ஒருவர், தன் வேட்டைக்குப் போடும் தோல் பூட்ஸ் காய்ந்து இறுகிப்போயிருந்ததைப் பார்த்தார். டென்வர் உயரமான ஊர் மட்டுமல்ல, வறண்ட ஊரும்கூட. பூட்ஸ் தோல் இப்படிக் காய்ந்தால், கிடங்கில் கிடக்கும் பந்தின் தோல் என்ன ஆகும்? இந்த ஒரு கேள்விக்காக அந்த மனிதரை நான் மானசீகமாக வணங்குகிறேன்.

பந்தைப் பிளந்து பார்த்தால் நடுவில் தக்கையும் ரப்பரும் சேர்ந்த ஒரு குண்டு. அதைச் சுற்றி நூற்றுக்கணக்கான மீட்டர் நூல், பெரும்பகுதி கம்பளி நூல், இறுக்கிச் சுற்றியிருக்கும். மேலே மாட்டுத்தோல், சிவப்பு நூலால் 108 இரட்டைத் தையல். கம்பளி ஆட்டின் மயிர். தோல் மாட்டின் உடம்பு. இரண்டும் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், காற்று வறண்டால் திருப்பிக் கொடுக்கும். பறை அடிப்பவர்கள் அடிப்பதற்கு முன் தீ மூட்டிக் காய்ச்சுவது ஏன்? ஈரம் ஏறிய தோல் தொய்ந்து 'தொப்' என்கிறது; காய்ந்த தோல் விண்ணென்று தெறிக்கிறது. டென்வர் ஊரே அந்தத் தீயின் வேலையைப் பந்துக்குச் செய்துகொண்டிருந்தது.

மட்டையும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் பந்து நசுங்கி, நின்று, மீண்டும் விரிந்து எதிர்த்திசையில் பாய வேண்டும். நசுங்கும்போது உள்ளே இருக்கும் நூல் இழைகள் ஒன்றோடொன்று உரசுகின்றன. அந்த உரசலில் ஆற்றல் வெப்பமாகக் கரைகிறது. நல்ல பந்தே கெட்டியான சுவரில் மோதினால் பாதிக்குச் சற்று அதிகமான வேகத்தில்தான் திரும்பி வரும். ஆற்றலாகக் கணக்கிட்டால் பத்தில் ஏழு பங்கு உள்ளேயே தொலைந்துவிடுகிறது. இழைகளில் ஈரம் ஏறினால் அவை மெத்தென்று ஆகி இன்னும் கொஞ்சம் அதிகமாகத் தொலைகிறது. பந்தின் எடையும் துளி கூடுகிறது. முறுமுறுவென்று உடையும் அப்பளம் மழைக்காலத்தில் திறந்து வைத்தால் நமத்துப்போய் வளைகிறதே, அதே கதைதான்.

ஆக 2002-இல் மைதானத்துக்குள் ஓர் அறை கட்டினார்கள். வெப்பநிலை 21 டிகிரி, காற்றின் ஈரப்பதம் 50 சதவீதம். ஆட்டத்துக்குப் போகும் பந்தெல்லாம் அங்கே ஊறிவிட்டுத்தான் வர வேண்டும். அதற்கு ஹியூமிடார் என்று பெயர்; சுருட்டு காய்ந்துபோகாமல் பாதுகாக்கும் பெட்டியின் பெயர் அது. (சுருட்டுக்கு ஆங்கிலத்தில் 'செரூட்' என்று ஒரு சொல் உண்டு, நம் 'சுருட்டு'தான் கப்பலேறிப் போய் அப்படி ஆயிற்று.)

இந்த இடத்தில் பலர் குழம்புவார்கள். ஈரக்காற்று கனமானது, அதனால்தான் பந்து ஓடாது என்று வர்ணனையாளர்களே சொல்வதுண்டு. தலைகீழ். நீர் மூலக்கூறின் நிறை 18. நைட்ரஜன் 28, ஆக்சிஜன் 32. காற்றில் நீராவி சேரும்போது கனத்தவர்கள் இடத்தில் இளைத்தவர்கள் வந்து உட்காருகிறார்கள். ஈரக்காற்று லேசானது, பந்து அதில் ஒரு நூலிழை அதிகமாகத்தான் போகும். ஈரம் காற்றில் இருந்தால் மட்டையாளருக்கு நண்பன், பந்துக்குள் இருந்தால் எதிரி. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது சலிப்பதில்லை.

பலன் கிடைத்ததா? இல்லினாய் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் ஆலன் நேதனும் கூட்டாளிகளும் பந்துகளை வெவ்வேறு ஈரப்பதத்தில் வைத்திருந்து, காற்றழுத்தப் பீரங்கியில் சுட்டு, திரும்பி வரும் வேகத்தை அளந்தார்கள். 30 சதவீத ஈரப்பதத்திலிருந்து 50 சதவீதத்துக்குப் போனால் பந்து சுமார் 4 மீட்டர் குறைவாகப் போகும், ஹோம் ரன்கள் நான்கில் ஒரு பங்கு குறையும் என்று 2011-இல் கட்டுரை வெளியிட்டார்கள். மைதானத்தின் பதிவேட்டிலும் ஏறக்குறைய அதே அளவுதான் குறைந்திருந்தது.

பந்தைச் சுடுவதற்கெல்லாம் ஆராய்ச்சியா என்று கேட்பவர்களை நான் அறிவேன். நம் ஊரில் நிதி கேட்டுப் போனால் முதல் கேள்வியே "இதனால் என்ன பயன்?" என்பதுதான். டென்வர் வட்டாரத்தின் ஆறு மாவட்ட மக்கள் 1990-இல் வாக்களித்து, நூறு டாலர் பொருளுக்குப் பத்து சென்ட் என்று தங்கள் மேல் தாங்களே வரி போட்டுக்கொண்டு இந்த மைதானத்தைக் கட்டினார்கள். விளையாட்டுக்குக் கொட்டிய அந்தப் பணத்தின் ஓரத்தில் சிந்திய துளியில்கூட இழைகளுக்குள் ஆற்றல் எப்படிக் கரைகிறது என்ற அறிவு வளர்ந்திருக்கிறது. எங்கிருந்து வந்தால் என்ன, அறிவு அறிவுதானே.

ராசி பார்க்கிறவர்களுக்கும் இங்கே தீனி உண்டு. சொந்த மைதானத்தில் வெளுத்துக் கட்டும் ராக்கீஸ் மட்டையாளர்கள் வெளியூர் போனதும் திணறுவார்கள். அதிர்ஷ்டத் தொப்பி, துவைக்காத காலுறை என்று ஆட்டக்காரர்கள் பரிகாரம் தேடுவார்கள். ஒரு வாரம் 37 சென்டிமீட்டர் வளைவைப் பார்த்துப் பழகிய கண், மறுநாள் கடலோரத்தில் 45 சென்டிமீட்டர் வளைவைச் சந்தித்தால் தடுமாறாமல் என்ன செய்யும்? காலுறையைத் துவைத்துவிடலாம்.

2022 முதல் அமெரிக்காவின் முதல்தரப் பேஸ்பால் மைதானங்கள் முப்பதிலும் இந்த அறை வந்துவிட்டது. டென்வரில் பந்தை நமக்கவைக்கும் அறை, கடலோர ஊர்களில் அதே பந்தைக் காயவைக்கிறது.

நாகப்பட்டினத்து அன்பருக்கு ஒரு வேண்டுகோள். பார்வையாளர் பக்கம் வந்து விழும் பந்தை அங்கே யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள், பிடித்தவருக்கே சொந்தம். கிடைத்தால் மகன் வீட்டு அலமாரியில் வைத்துவிடாதீர்கள், சில வாரங்களில் மறுபடி காய்ந்துவிடும். ஊருக்கு எடுத்துவந்து ஐப்பசி மழையில் ஒரு மாதம் திறந்து வையுங்கள். பிறகு சிமெண்டுத் தரையில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.