நான்-மேஜர் பேப்பர்: அடுத்த துறையில் போய்ப் படிக்க விதி எவ்வளவு இடம் தருகிறது?

பி.ஏ. வரலாறு படிக்கிறவர் கணினித் துறைக்குப் போய் ஒரு பேப்பர் படிக்கலாம். பி.எஸ்சி. வேதியியல் மாணவி இதழியல் படிக்கலாம். தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் இது புதிய கல்விக் கொள்கையோடு வந்த ஏற்பாடு இல்லை. அதற்கு முன்பிருந்தே இருக்கிறது. மார்க்‌ஷீட்டில் பார்ட் ஃபோர் என்ற பகுதியில், நான்-மேஜர் எலக்டிவ் என்ற பெயரில் வரும். என்.எம்.இ. என்பார்கள். மாணவர்கள் வைத்திருக்கிற பெயர் 'ஈஸி பேப்பர்'.

அந்தப் பெயருக்குக் காரணம் விதியிலேயே இருக்கிறது. இளநிலைப் படிப்பு ஐந்து பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். பார்ட் ஒன் தமிழ் அல்லது வேறு மொழி, பார்ட் டூ ஆங்கிலம், பார்ட் த்ரீயில் மேஜரும் (முதன்மைப் பாடம்) அலைடும் (அதற்குத் துணையாக வேறு துறை நடத்தும் பாடம்), பார்ட் ஃபோரில் நான்-மேஜர், சுற்றுச்சூழல் கல்வி, விழுமியக் கல்வி போன்றவை, பார்ட் ஃபைவ் என்.எஸ்.எஸ்., என்.சி.சி. போன்ற விரிவாக்கப் பணி. பெரும்பாலான மாநிலப் பல்கலைக்கழகங்களில் மொத்தம் 140 கிரெடிட் (ஒரு பாடத்தின் கனத்தைக் காட்டும் அலகு). முதல் வகுப்பா, இரண்டாம் வகுப்பா என்று பார்க்கும்போது பார்ட் த்ரீ மதிப்பெண்ணைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். நான்-மேஜரில் 90 வாங்கினாலும் 45 வாங்கினாலும் வகுப்பு மாறாது. ஆனால் ஃபெயில் ஆனால் அரியர்தான். அதை முடிக்காமல் பட்டம் கைக்கு வராது. இந்த இரண்டாவது பாதியைப் பலர் கடைசி செமஸ்டரில்தான் கவனிக்கிறார்கள்.

நான்-மேஜர் எல்லாருக்கும் கிடைக்காது. பார்ட் ஒன்னில் தமிழ் எடுத்தவர்களுக்கே அது உண்டு. பள்ளியில் தமிழே படிக்காமல் வந்து வேறு மொழி எடுத்தவர்கள் அந்த இடத்தில் அடிப்படைத் தமிழ் எழுத வேண்டும். பள்ளியில் தமிழ் படித்துவிட்டுக் கல்லூரியில் இந்தி, பிரெஞ்சு என்று போனவர்களுக்குச் சிறப்புத் தமிழ். ஆக, மதிப்பெண் கணக்குப் பார்த்து பிரெஞ்சு எடுக்கிற மாணவர் வேறு துறையில் படிக்கிற வாய்ப்பையும் சேர்த்தே விடுகிறார். சேர்க்கை நேரத்தில் இதை எடுத்துச் சொல்கிறவர்கள் குறைவு.

வழக்கமாக நான்-மேஜர் என்பது இரண்டு செமஸ்டரில் இரண்டு பேப்பர். ஒவ்வொன்றுக்கும் 2 கிரெடிட், வாரம் 2 மணி நேரம். எந்த செமஸ்டர் என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். முதல் ஆண்டிலேயே வைப்பவர்களும் உண்டு, இரண்டாம் ஆண்டில் வைப்பவர்களும் உண்டு.

பேப்பர் உண்டு, சாய்ஸ் உண்டா?

விதியில் அதன் பெயரே விருப்பப் பாடம். நடப்பதோ வேறு. செமஸ்டர் தொடங்கிய வாரத்தில் நோட்டீஸ் போர்டில் ஒரு சர்க்குலர் வரும்: 'இரண்டாம் ஆண்டு பி.காம். மாணவர்கள் அனைவருக்கும் நான்-மேஜர்: பொருளியல் துறை.' அவ்வளவுதான். துறைக்குத் துறை ஜோடி போட்டு மொத்த வகுப்பையும் அனுப்பிவிடுகிறார்கள்.

இதை ஆசிரியர்களின் சோம்பல் என்று தள்ளிவிட முடியாது. முதல் தடை டைம்டேபிள். மாணவர்கள் உண்மையிலேயே விரும்பிய துறைக்குப் போக வேண்டுமானால், கல்லூரி முழுவதும் நான்-மேஜருக்கென்று வாரத்தில் ஒரே இரண்டு மணி நேரத்தை ஒதுக்க வேண்டும். ஷிஃப்ட் முறையில் நடக்கிற கல்லூரியில், லேப் நேரம் குறுக்கே விழுகிற இடத்தில், இது நிஜமாகவே சிரமம். இரண்டாவது தடை வொர்க்லோடு. பல்கலைக்கழக மானியக் குழுவின், அதாவது யு.ஜி.சி.யின் 2018 விதிகளின்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி, இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணி நேரடி வகுப்பு இருக்க வேண்டும். அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்லூரிகளில் ஒரு துறைக்கு எத்தனை பணியிடம் என்பதே இந்த மணிக் கணக்கை வைத்து முடிவாகிறது. சேர்க்கை குறைந்துவரும் துறைக்கு நான்-மேஜர் மணிகள் என்பது ஒரு பணியிடத்தைக் காப்பாற்றுகிற விஷயம். எல்லா மாணவர்களும் கணினித் துறையையே கேட்டால் வரலாற்றுத் துறையின் மணிகள் போய்விடும். அதனால்தான் இந்த ஜோடி முறை.

காரணம் நியாயம்தான். ஆனால் அந்தச் சுமையை மாணவரின் விருப்பத்தின் மேல் இறக்கி வைப்பது சரியில்லை என்பது என் கருத்து. நடுவழி ஒன்று இருக்கிறது: ஒவ்வொரு துறையும் ஒரு பேப்பராவது கொடுக்க வேண்டும், மாணவர் மூன்று விருப்பங்களை வரிசைப்படுத்தி எழுதித் தர வேண்டும், ஒரு வகுப்புக்கு இத்தனை பேர் என்று உச்சவரம்பு வைத்து ஒதுக்க வேண்டும். இப்படி நடத்தும் தன்னாட்சிக் கல்லூரிகளும் (பாடத்திட்டத்தைத் தாங்களே வகுத்துக்கொள்பவை) இருக்கின்றன. உங்கள் கல்லூரியில் இது இல்லையென்றால், சர்க்குலர் ஒட்டிய பிறகு போய் நிற்பதில் பயனில்லை. அதற்கு முந்தைய செமஸ்டரின் கடைசி மாதத்தில், டைம்டேபிள் போடும் முன், துறைத் தலைவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

அலைடு: கவனிக்கப்படாத பழைய பாலம்

நான்-மேஜரைவிடக் கனமான ஏற்பாடு அலைடு. இயற்பியல் மாணவருக்குக் கணிதத் துறை ஆசிரியர் வந்து பாடம் எடுக்கிறார். தாவரவியல் மாணவருக்கு வேதியியல் ஆசிரியர். மாணவருக்கு இதில் பெரும்பாலும் தேர்வு இல்லை. ஆனால் இது பார்ட் த்ரீ, மதிப்பெண்ணில் சேரும். இரண்டு துறை ஆசிரியர்கள் ஒரே வகுப்பை மாறி மாறி எடுக்கிற இடம் ஒரு கல்லூரியில் இதுதான். இருந்தும் அந்த இருவரும் உட்கார்ந்து பேசிக்கொள்வது அரிது.

ஒரு உதாரணம். முதல் செமஸ்டர் மெக்கானிக்ஸ் வகுப்பில் அலைவியக்கம் வரும்போதே வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்க்கத் தெரிந்திருக்க வேண்டும். அலைடு மேத்ஸ் சிலபஸில் அது அடுத்த செமஸ்டரில் இருந்தால், இயற்பியல் ஆசிரியர் தன் நேரத்தில் இரண்டு வகுப்பைச் செலவழித்து அந்தக் கணக்கைச் சொல்லித் தருவார். நான்கு மாதம் கழித்து கணித ஆசிரியர் அதையே முதலிலிருந்து நடத்துவார். யூனிட் இரண்டையும் யூனிட் நான்கையும் இடம் மாற்றினால் தீர்ந்துபோகிற சிக்கல் இது.

மாற்றுகிற அதிகாரம் பாடத்திட்டக் குழுவிடம், அதாவது போர்டு ஆஃப் ஸ்டடீஸிடம் இருக்கிறது. தன்னாட்சி இல்லாத கல்லூரி என்றால் அந்தக் குழு பல்கலைக்கழகத்தில் இருக்கும். கல்லூரி ஆசிரியர் கடிதம் எழுதலாம், அதற்கு மேல் கை நீளாது. தன்னாட்சிக் கல்லூரியில் நிலைமை வேறு. துறைத் தலைவர் குழுவின் தலைவர்; வெளியிலிருந்து பாட வல்லுநர்கள், துணைவேந்தர் நியமிக்கும் ஒருவர், தொழில் துறையிலிருந்து ஒருவர், முன்னாள் மாணவர் ஒருவர் என்று உறுப்பினர்கள் இருப்பார்கள். இவர்களைத் தவிர, முதல்வரின் ஒப்புதலோடு கூடுதல் ஆட்களைச் சேர்த்துக்கொள்ளவும் யு.ஜி.சி. விதி இடம் தருகிறது: சிறப்புப் பாடம் வகுக்கும்போது வெளி வல்லுநர்களையும், அதே புலத்தைச் சேர்ந்த மற்ற ஆசிரியர்களையும் அழைக்கலாம். இயற்பியல் குழுக் கூட்டத்துக்குக் கணித ஆசிரியரை உட்கார வைக்க இந்த ஒரு வரி போதும். புது ஆணை எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

சேர்ந்து எடுத்தால் யார் கணக்கு?

இரண்டு துறை ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பேப்பரை நடத்த விரும்பினால் என்ன ஆகும்? கூட்டு ஆராய்ச்சிக்கு விதியில் கணக்கு இருக்கிறது. 2018 யு.ஜி.சி. விதிகளில் பதவி உயர்வுக்கான ஆராய்ச்சி மதிப்பெண் அட்டவணையில், ஒரு பிஎச்.டி. மாணவர் பட்டம் பெற்றால் நெறியாளருக்கு 10. இருவர் சேர்ந்து வழிநடத்தினால் ஆளுக்கு 7. பத்தை இரண்டாக வெட்டி ஐந்தைந்தாகக் கொடுக்காமல் மொத்தம் 14 ஆக்கியிருக்கிறார்கள்; சேர்ந்து வேலை செய்தால் நஷ்டமில்லை என்பதற்காகத்தான். இருவர் எழுதிய கட்டுரைக்கும் அதே 70 சதவீதக் கணக்கு. 2022 பிஎச்.டி. விதிகளின்படி, இணை நெறியாளரை அதே நிறுவனத்தின் வேறு துறையிலிருந்தோ வேறு நிறுவனத்திலிருந்தோ ஒப்புதலோடு வைத்துக்கொள்ளலாம்.

வகுப்பறைக்கு இப்படியொரு கணக்கு இல்லை. ஒரே வகுப்பில் இரண்டு ஆசிரியர்கள் நின்றால் அந்த மணி நேரம் வழக்கமாக ஒருவர் பெயரில்தான் எழுதப்படும். மற்றவர் சேவைதான் செய்கிறார். அதனால் பலர் செய்கிற ஏற்பாடு, யூனிட்டைப் பிரித்துக்கொள்வது: ஐந்து யூனிட்டில் மூன்று உங்களுக்கு, இரண்டு எனக்கு, மணியும் அதே விகிதத்தில் அவரவர் துறைக் கணக்கில் போகும். வொர்க்லோடு படிவத்தில் இதை முதலிலேயே எழுதி முதல்வரிடம் கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது. வினாத்தாளை யார் எடுப்பது, இன்டர்னல் மதிப்பெண்ணை யார் ஏற்றுவது என்பதையும் அந்தத் தாளிலேயே முடித்துவிடுங்கள். செமஸ்டர் கடைசியில் சண்டை வருவது எப்போதும் இந்த இரண்டில்தான்.

கல்லூரிக்கு வெளியே

உங்கள் கல்லூரியில் நீங்கள் விரும்பும் துறையே இல்லையென்றால் மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயம் ஒரு வழி. 2021 யு.ஜி.சி. விதிகளின்படி ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் மூலம் படிக்கக் கல்லூரி அனுமதிக்கலாம். 'அனுமதிக்கலாம்' என்ற சொல்லில் கவனம் வையுங்கள். எந்தப் பாடத்துக்கு எது சமம் என்று முடிவு செய்வது உங்கள் கல்லூரியின் கல்விக் குழு. படித்து முடித்துவிட்டு சர்ட்டிஃபிகேட்டை நீட்டினால் கிரெடிட் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். பதிவு செய்யும் முன்பே அந்தப் பாடம் கல்லூரியின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்வயத்தில் ஐ.ஐ.டி.கள் முன்னின்று நடத்தும் என்.பி.டெல். பாடங்களில் சேர்வது இலவசம். தேர்வு எழுத 1,000 ரூபாய். 12 வாரப் பாடத்துக்கு 3 கிரெடிட், 8 வாரத்துக்கு 2, 4 வாரத்துக்கு 1. அசைன்மென்ட்டுக்கு 25, நேரில் எழுதும் தேர்வுக்கு 75. தேர்வில் 75க்கு 30 வாங்கினால் மட்டும் போதாது, அசைன்மென்ட்டிலும் 25க்கு 10 வேண்டும். முதல் சில வாரம் அசைன்மென்ட்டை விட்டுவிட்டுக் கடைசியில் தேர்வைப் பிடித்துக்கொள்ளலாம் என்பவர்கள் இங்கேதான் தவறவிடுகிறார்கள்.

இப்படிப் பல இடங்களில் வாங்கிய கிரெடிட்டுகளைச் சேர்த்து வைக்க 2021 ஜூலையில் வந்ததுதான் கிரெடிட் வங்கி. எல்லாரும் சொல்வது ஏ.பி.சி. (அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்) என்று. டிஜிலாக்கரில் ஆதார் மூலம் நுழைந்து, கல்லூரியைத் தேர்ந்தெடுத்தால் 12 இலக்க எண் கிடைக்கும். கட்டணம் இல்லை. கிரெடிட்டை நீங்கள் ஏற்ற முடியாது, கல்லூரிதான் ஏற்ற வேண்டும். ஏறிய கிரெடிட் அதிகபட்சம் 7 ஆண்டு செல்லும். பட்டம் கொடுக்கும் நிறுவனத்தில் குறைந்தது 50 சதவீத கிரெடிட்டாவது வாங்கியிருக்க வேண்டும்.

நம் ஊர் மாணவர்களுக்கு இதில் வருகிற சிக்கல் இன்ஷியல். கல்லூரிப் பதிவேட்டில் 'கவிதா மு' என்றிருக்கும், ஆதாரில் 'கவிதா முருகன்' என்றோ 'மு கவிதா' என்றோ இருக்கும். பெயர் ஒத்துப்போகாவிட்டால் கிரெடிட் உங்கள் கணக்கில் வந்து சேராமல் நிற்கும். பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டில் இருக்கிறபடி ஆதாரை முதல் ஆண்டிலேயே திருத்திவிடுங்கள்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் படிக்கும் பொறியியல் மாணவர்களுக்கு வேறொரு வழி உண்டு: கூடுதலாக 18 கிரெடிட் வாங்கினால் பட்டத்தோடு மைனர் (மேஜருக்கு அடுத்ததாகப் படித்த இரண்டாவது துறை) என்று சேர்த்து எழுதுவார்கள். மற்ற பொறியியல் பிரிவுகள் மட்டுமல்ல, தொழில்முனைவு, பொது நிர்வாகம், சுற்றுச்சூழல் போன்ற பிரிவுகளிலிருந்தும் பாடம் எடுக்கலாம். மெக்கானிக்கல் படித்துக்கொண்டே குடிமைப் பணித் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் பொது நிர்வாகப் பிரிவை ஒருமுறை பார்ப்பது வீணாகாது.

புதுச்சேரியிலும் மத்தியப் பல்கலைக்கழகங்களிலும் படிப்பவர்களுக்குப் பொருந்துவது தேசியக் கல்விக் கொள்கையின்படி இளநிலைப் படிப்புக்கு யு.ஜி.சி. 2022 டிசம்பரில் வெளியிட்ட சட்டகம். தமிழ்நாடு அரசு தேசியக் கல்விக் கொள்கையை ஏற்காததால் நம் மாநிலப் பல்கலைக்கழகங்கள் இந்த வழியில் போகவில்லை. அதில் மூன்றாண்டுப் படிப்பு 120 கிரெடிட், நான்காண்டு 160. மேஜருக்கு 60, மைனருக்கு 24, பல்துறைப் பாடங்களுக்கு 9. அந்த 9 என்பது மூன்று பேப்பர். பிளஸ் டூவில் படித்ததையே திரும்ப எடுத்து மார்க் வாங்கிக்கொள்ள முடியாது. 120இல் 33 கிரெடிட் மைனருக்கும் பல்துறைப் பாடங்களுக்கும் என்றால், 140இல் 4 கிரெடிட் நான்-மேஜர் என்பது சிறிதுதான். அந்தச் சட்டகத்தின் மற்ற அம்சங்களோடு எனக்கு உடன்பாடு இல்லாவிட்டாலும் இந்த விகிதத்தைக் குறை சொல்ல முடியவில்லை.

மறுத்தால் எங்கே போவது?

கல்லூரி தன் ப்ராஸ்பெக்டஸில் ஆறு நான்-மேஜர் பாடங்களைப் போட்டுவிட்டு ஒன்றே ஒன்றை மட்டும் நடத்தினால், அது கெஞ்சிக் கேட்கிற விஷயம் இல்லை, புகார் கொடுக்கிற விஷயம். ப்ராஸ்பெக்டஸில் தவறான தகவல் தருவதையும், சேர்க்கையின்போது சொன்ன தரத்தில் கல்வி தராததையும் 2023 யு.ஜி.சி. மாணவர் குறைதீர்ப்பு விதிகள் குறைகளாகவே சேர்த்திருக்கின்றன. ஒவ்வொரு நிறுவனத்திலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். அது 15 வேலை நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். முடிவில் திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவருக்கு 30 நாள் அவகாசம். நீங்கள் சேர்ந்த ஆண்டின் ப்ராஸ்பெக்டஸ், நான்-மேஜர் சர்க்குலரின் படம், துறைத் தலைவரிடம் கொடுத்த கடிதத்தின் நகல் ஆகிய மூன்றும் கையில் இருக்கட்டும். கடிதத்தில் பெற்றுக்கொண்ட தேதியும் அலுவலக முத்திரையும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.